ஏழாம் நம்பர் யாருக்கு?

ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பஸ் டிப்போவில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அவள் ஹாரன் அடிப்பதே அபூர்வம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்ப்பா சைக்கிளு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு குரல் விட்டால் போதும், முன்னால் போகிற சைக்கிள், கார், லாரி எல்லாம் தானாக ஒதுங்கிவிடும். அப்படிப்பட்ட தொண்டை அது. ஆனால் வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் அந்தத் தொண்டையிலிருந்து காற்றுகூட வராது. அந்த இரண்டு நாளும் பில்லை எடுக்கிற நாள்.

அது சின்ன பஸ் கம்பெனி. பன்னிரண்டு வழித்தடம், பன்னிரண்டு டிரைவர். கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டையும் டிரைவரே கொடுக்க வேண்டும். ஓய்வறைச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு தகரப் பில்லை, பில்லையில் ரூட் நம்பர். ஆறு மாசத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடுவார்கள். சர்வீஸில் மூத்தவர் முதலில் போய்ப் பிடித்த பில்லையைக் கழற்றுவார், அப்புறம் அடுத்தவர். ஒருவர் கழற்றிய பில்லையை இன்னொருவர் தொடக் கூடாது. வேண்டுமானால் இரண்டு பேரும் சம்மதித்து, எல்லாருக்கும் முன்னால் கை கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கை கொடுத்துவிட்டால் பேச்சு பேச்சுதான்.

முதலில் எடுப்பவருக்கு ஒண்ணாம் நம்பர் என்றே பெயர். நரைத்த மீசையும் சலவைச் சட்டையுமாக அவர் பலகையை நோக்கி நடந்தால், ஏதோ மாலை வாங்கப் போகிற மாதிரி இருக்கும். கடைசியில் எடுப்பவள் ஹாரன் அக்கா. எடுப்பதாவது, மண்ணாங்கட்டியாவது! மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பில்லை. ஆஸ்பத்திரி ரூட். காலையில் பாதி டூட்டி, சாயங்காலம் பாதி டூட்டி, நடுவில் நாலைந்து மணி நேரம் வீட்டுக்கும் போக முடியாமல் வேலையும் இல்லாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த பஸ் ஓடாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அவள் இங்கே வருவதற்கு முன் பால் வண்டி, ஸ்கூல் வேன் என்று ஓட்டி, அன்றாடம் கைக்கு வந்ததை அன்றாடம் செலவழித்து வாழ்ந்தவள். கம்பெனியில் சேரும்போதே வயது ஏறிவிட்டது. அவளுக்குப் பின்னால் புதிதாக ஒருத்தரும் சேரவில்லை. அதனால் கடைசி இடம் பட்டா போட்ட மாதிரி அவளுக்கே நிலைத்துவிட்டது. முறை முறைதான் என்று அவள் வாயைத் திறந்து ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் உள்ளுக்குள் உறுத்தாமல் இருக்குமா? ஒரு தடவையாவது, 'இது எனக்கு வேணும்' என்று கையை நீட்டி எடுக்க வேண்டும் என்று இருக்காதா?

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஓய்வு பெற்றதும் கொடுப்பதற்காகக் கம்பெனி அதுவரை மாசாமாசம் எல்லார் சம்பளத்திலும் கொஞ்சம் பிடித்து, தன் பங்கையும் சேர்த்து, எதிலோ போட்டு வந்தது. எதில் என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் கேட்டதுமில்லை. இனிமேல் எந்த ஃபண்டில் போடுவது என்று அவரவரே தேர்ந்தெடுக்கலாமாம். சம்பளப் பிரிவு மேடம், வயதில் சின்னப் பெண்தான், ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஃபண்டுகளின் பட்டியலைச் சுவரில் மாட்ட இடம் தேடினாள். ஆணி இருந்தது ஓரிடத்தில்தான். பில்லைப் பலகைக்குப் பக்கத்தில்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. சொல்லாதவங்க பணம் தானா பன்னிரண்டாவது ஃபண்டுக்குப் போயிடும்" என்றாள் மேடம். அதற்குள் போன் அடித்தது, ஓடிவிட்டாள்.

பட்டியலில் இருந்தது பன்னிரண்டு ஃபண்ட். இருப்பது பன்னிரண்டு டிரைவர். மாட்டியிருப்பது பில்லைப் பலகைக்குப் பக்கத்தில். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் அவர்களும் நினைத்தார்கள். ஒண்ணாம் நம்பர் வந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், முதல் ஃபண்டுக்கு எதிரே தன் பெயரை எழுதினார். 'துடிப்பு வளர்ச்சி ஃபண்ட்'. அதோடு முறை வந்துவிட்டது. இனி அடுத்தவர், அதற்கடுத்தவர், கடைசியில் ஹாரன் அக்கா.

மற்றவர்கள் புத்தகத்தை டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்கள். ஹாரன் அக்காவுக்குத்தான் பகல் முழுக்க நேரம் கிடக்கிறதே! ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மர நிழலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கடைசி சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பிரித்தாள். முதல் நாள் அட்டைப் படம் மட்டும்தான் புரிந்தது. ஒரு தாத்தாவும் பாட்டியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பங்கு என்றால் கம்பெனியில் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரராவது, கடன் பத்திரம் என்றால் நாம் கடன் கொடுத்து வட்டி வாங்குவது என்பது வரை வந்தாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் பலகாரத் தட்டைப் பார்த்த குழந்தை மாதிரி ஒவ்வொரு ஃபண்டாகப் புரட்டினாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. வருடாந்திரக் கட்டணம். ஃபண்டை நடத்துகிறவர்கள் லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வது. பெயர் பளபளவென்று இருந்த ஃபண்டுகளில் அது தாராளமாக இருந்தது. ஏழாம் நம்பரில் இருந்த ஒன்றில் மட்டும் கட்டணம் மற்றவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெயர் 'அனைத்துச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்ட்'. வாசித்தாலே கொட்டாவி வருகிற பெயர். ஆனால் அது செய்வது என்ன? எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று ஜோசியம் பார்க்காமல், சந்தையில் இருக்கிற எல்லாக் கம்பெனியிலும் துளித்துளி வாங்கிப் போடுகிறது. சோப்புக் கம்பெனி, சிமென்ட் கம்பெனி, பேங்க், மருந்து, எல்லாவற்றிலும் ஹாரன் அக்காவுக்கு ஒரு துளி!

"அடி ஆத்தாடி!" என்று அவள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கா பறந்தது. ஆஸ்பத்திரி காவலாளி ஓடி வந்து பஸ் கதவைத் தட்டினார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே, சிமென்ட் கம்பெனி வாங்கப் போறேன்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பணப் பேச்சு என்றாலே நழுவுகிற ஆள்.

"ஏங்க, இது ஏறும் இறங்கும், ஆனா…"

"ஏறுறதையும் இறங்குறதையும் எனக்குச் சொல்லாதே தாயே. பொழுதன்னிக்கும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"வெளையாடாதீங்க. நடுவுல இறங்கும், வயித்தைக் கலக்கும், அதையெல்லாம் எழுதித்தான் வச்சிருக்கான். ஆனா எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினெட்டு வருஷம் இருக்குல்ல? விழுந்தாலும் எழுந்திருக்க நாள் இருக்கு. பன்னிரண்டாவதுல போட்டா விழவும் விழாது, எழுந்திருக்கவும் எழுந்திருக்காது. ரொக்கமாவே கெடக்கும். வெலவாசி ஏறுற ஏத்தத்துல அது எந்த மூலைக்கு?"

"போட்டது போட்டபடி வந்தாப் போதும்டி" என்று அவன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டான். வருஷக்கணக்காக இரும்பு ஏணி ஏறி இறங்கிய முழங்கால். அந்த வீட்டில் இரண்டே பேர், பிள்ளை குட்டி இல்லை. நாளைக்கு நடை தளர்ந்தால் அவனுக்கு அவள், அவளுக்கு அவன். யாரிடமும் கை நீட்டாமல் இருக்க வேண்டும் என்றால் இந்தப் பதினெட்டு வருஷத்தில் சேர்ப்பதுதான் வழி. அந்த முழங்காலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏழாம் நம்பர் மேல் ஆசை கூடியது.

ஆனால் ஆசைப்பட்டு என்ன? அவளுக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்களே!

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். ஒவ்வொரு டிரிப் முடிந்து வரும்போதும் ஓய்வறைக்கு ஓடிப் பட்டியலைப் பார்ப்பாள். 'தங்க வாய்ப்பு' போய்விட்டது. 'நாளைய தொழில்நுட்பம்' போய்விட்டது. 'சிகரம்' போய்விட்டது. ஏழு அப்படியே இருக்கிறது! வாத்தியார் கேள்வி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை மாதிரி, அந்தப் பெயர் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. "ஏழு எப்படிக்கா?" என்று ஒருவன் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சைப் பொய். ஆனால் கண்ணுபட்டுவிட்டால்?

வியாழக்கிழமை காலை இரண்டே இரண்டு மிச்சம். ஏழு, பன்னிரண்டு. அவளுக்கு முன்னால் டயர் ஒருத்தன் பாக்கி. டயர் என்பது அவனுடைய இடுப்புக்கு நண்பர்கள் வைத்த பெயர். அவன் எதையும் படிக்கிற ஆள் இல்லை. பன்னிரண்டாவதுக்குப் பேரில் 'பாதுகாப்பு' என்று இருக்கிறது, அதைப் பார்த்து மயங்கிவிடுவான் என்று நம்பிக்கொண்டு அவன் பின்னாலேயே நின்றாள்.

டயர் பேனாவைத் திறந்தான். "நம்ம ரூட் நம்பரும் ஏழு. ராசியான நம்பர்" என்றபடி ஏழுக்கு எதிரே பெயரை எழுதினான்.

ஹாரன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூட் நம்பராம்! ராசியாம்! அவள் ஒரு வாரமாக வரிவரியாகப் படித்து, கனவில்கூடக் கட்டணம் கணக்குப் போட்டு வைத்திருந்ததை, இந்தப் பயல் சும்மா வாயில் போட்டுக்கொண்டு போகிறான். அந்தப் பலகைக்கு முன்னால் வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

"டேய் தம்பி, மாத்திக்கலாமா?"

ஒண்ணாம் நம்பர் டீயைக் கீழே வைத்தார்.

டயருக்கு உடனே மூக்கு வியர்த்துவிட்டது. "மாத்திக்கலாம்க்கா. என்ன குடுப்பீங்க?"

"என்ன வேணும்?"

"என் ரூட்டு ஞாயித்துக்கெழமையும் ஓடுது. மீன் புடிக்கப் போக முடியல. அடுத்த பில்லை வரைக்கும் என் ஞாயித்துக்கெழமை டூட்டி எல்லாத்தையும் நீங்க…"

"சரி" என்று அவன் முடிப்பதற்குள் கையை நீட்டினாள். எல்லாருக்கும் முன்னால் கை குலுக்கினார்கள். பட்டியலில் ஏழுக்கு எதிரே தன் பெயரை அவளே எழுதினாள். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். முதல் தடவையாக, மிஞ்சியதை இல்லை, வேண்டியதை எடுத்திருக்கிறாள். பஸ்ஸுக்குப் போகும்போது கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குப் போனதும் பாவியது. அந்தத் தம்பதிக்கு வாரத்தில் ஒரே நாள்தான் சேர்ந்தாற்போல் லீவு. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவள் எந்த ஸ்டியரிங்கையும் தொட மாட்டாள். அவன் பழைய ஸ்கூட்டரை எடுப்பான், அவள் பின்னால் உட்கார்ந்து, "பிரேக்கை மெதுவாப் போடுங்க, கண்ணாடியப் பாருங்க" என்று ஊர் சுற்றி முடிகிறவரை உயிரை எடுப்பாள். அதுதான் அவர்களுக்கு சினிமா, சுற்றுலா எல்லாம்.

விஷயத்தைக் கேட்டவன் தைல பாட்டிலை மூடினான். "ஞாயித்துக்கெழமை உனக்கு மட்டுமா சொந்தம்?" என்றான். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்க நேரமில்ல. விட்டிருந்தா போயிருக்கும்."

"அதுவும் அந்தப் பய மீன் புடிக்க!"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், தீர்ந்திருக்கும். அவன் வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தான். ஓடாமல் நிற்கப் போகிற ஸ்கூட்டரை அவன் அப்படித் துடைப்பதை அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம், இரண்டு பாதி டூட்டிக்கும் நடுவில், மாற்றிக்கொண்டதைப் பதிய அவள் சம்பளப் பிரிவுக்குப் போனாள்.

"மேடம், ஏழு இப்ப என்னோடது. டயருக்குப் பன்னிரண்டு. ரெண்டு பேரும் கை குடுத்தாச்சு, எல்லாரும் சாட்சி."

மேடம் நிமிர்ந்தாள். "என்னது, கை குடுத்தீங்களா? எதுக்குக்கா?"

ஹாரன் அக்கா பொறுமையாக விளக்கினாள். மூத்தவர் முதலில், ஒருவர் எடுத்ததை மற்றவர் தொடக் கூடாது, அவள் கடைசி, அரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். கேட்கக் கேட்க மேடத்தின் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அது அப்படியே வடிந்தது.

"ஐயையோ! அந்தப் பலகை பக்கத்துல மாட்டினேனே, என் புத்தியைச் சொல்லணும். அக்கா, இது பில்லை இல்லக்கா. ஒரே ஃபண்டைப் பன்னிரண்டு பேரும் எடுக்கலாம். ஊர்ல லட்சம் பேர் எடுத்திருக்காங்க. இந்த பஸ்ஸுல சீட்டு தீராது!"

"தீராதா?"

"தீராது. ரெண்டு மூணா பிரிச்சுக்கூடப் போடலாம். பிடிக்கலன்னா அப்புறம் மாத்திக்கலாம்."

ஹாரன் அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அப்புறம் சட்டென்று எழுந்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை! சாயங்காலத்தோடு முடிகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு டிப்போவில் கூடியிருக்கிற பதினோரு பேரும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திருப்தியாக டீ குடிக்கிறார்கள்.

டிப்போவுக்குள் நுழையும்போதே அந்தத் தொண்டை திறந்துவிட்டது. "யோவ்! எல்லாரும் வாங்கய்யா! யாரும் எதையும் எடுக்கலாமாம்! எல்லாருக்கும் எடம் இருக்காம்!"

விஷயம் புரிந்ததும் ஓய்வறை சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள், ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டிச் சிரித்தார்கள். ஒண்ணாம் நம்பர் மட்டும் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப நான் முதல்ல எடுத்தது?"

"இதுல முதலும் இல்ல, கடைசியும் இல்லண்ணே."

அவர் மீசையைத் தடவினார். எல்லாருக்கும் பாவமாகப் போய்விட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, "நான் படிக்கலம்மா. முதல்ல இருந்துச்சு, எடுத்தேன். எப்பவும் அப்படித்தானே? நீ படிச்சவ, ஏழையே எனக்கும் போட்டுடு" என்றார்.

"எல்லாரும் ஏழுதான்!" என்று பின்னாலிருந்து ஒரு கூட்டமே கூவியது.

"நிறுத்துங்கய்யா!" என்றாள். "எனக்குப் பதினெட்டு வருஷம் இருக்கு, நான் ஏழு எடுக்கலாம். அண்ணே, நீங்க இன்னும் மூணு வருஷத்துல வீட்டுக்குப் போறவர். நீங்க போற நேரம் பாத்து சந்தை விழுந்துச்சுன்னா எழுந்திருக்க உங்களுக்கு நாள் ஏது? ஏழே வேணாங்கறேன், நீங்க எழுதினது அதைவிட ஆட்டம் போடுறது. கடன் பத்திரம், ரெண்டும் கலந்த ஃபண்டு இதெல்லாம் இருக்கு. மேடத்தைக் கேளுங்க. நான் நேத்து படிச்சவ, என்னை நம்பி இறங்காதீங்க."

ஒண்ணாம் நம்பர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "வாம்மா, நீயும் கூட வா" என்று சம்பளப் பிரிவை நோக்கி நடந்தார். பின்னால் எல்லாரும் போனார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்று பார்க்காமல், முட்டி மோதிக்கொண்டு.

டயர் கடைசியில் வந்தான். முகம் திருட்டுப் பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனை மாதிரி இருந்தது.

"அக்கா, அந்தக் கை குடுத்தது…"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "பேச்சு பேச்சுதாண்டா. ஓட்டுறேன்" என்றாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "காலி சீட்டு கெடக்கிற பஸ்ஸுக்கு பிளாக்ல டிக்கெட் வித்தவன்னு நாளைக்கு எல்லாரும் காறித் துப்புவானுங்கக்கா. வேணாம், உங்க ஞாயித்துக்கெழமையை நீங்களே வச்சுக்குங்க." நாலடி போனவன் திரும்பி வந்தான். "இந்த ஒரு வாரம் மட்டும் ஓட்டுறீங்களா? தூண்டில் வாங்கிட்டேன்."

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நம்பர் பஸ்ஸை ஹாரன் அக்காதான் ஓட்டினாள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. கேட்டுக்கொண்டான், சிரிக்கவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தான்.

மூன்றாவது நிறுத்தத்தில் நின்றிருந்தான். தலையை வாரி, வெளியூர் போகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு.

"கடைசி ஸ்டாப் ஒண்ணு" என்று காசை நீட்டினான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே முதல் சீட்டில் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தான். "பிரேக்கை மெதுவாப் போடு. கண்ணாடியப் பாரு." பயணிகள் யாரடா இந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவன் மட்டும் சீட்டிலேயே இருந்தான். எஞ்சினை அணைத்ததும் கேட்டான்.

"அது சரி, சீட்டு தீராதுன்னு உனக்கு அப்பத் தெரியாது. நெஜமாவே அவ்வளவு ஞாயித்துக்கெழமையையும் குடுக்க மனசு வந்துச்சா?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "வந்துச்சு" என்றாள். "ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வீட்ல இருக்கும்போது நமக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமைதானே? அன்னிக்கு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட யார்கிட்ட போய் நிப்போம்? அதை நெனச்சுத்தான் இதைக் குடுத்தேன். ஆனா உங்களைக் கேக்காமக் குடுத்தது தப்புதான்."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினான். அப்புறம் எழுந்து வந்து காசை நீட்டினான்.

"திரும்பிப் போக ஒண்ணு குடு."

"சில்லறையா குடுங்க. இல்லன்னா எறங்கிடுங்க" என்றாள் ஹாரன் அக்கா.

அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். அன்றைக்கு முழுக்கப் போய்த் திரும்புகிற அளவுக்கு அதில் சில்லறை குலுங்கியது.